மாமன் வீட்டுப் பாக்கு

கல்லாற்றுத் தோட்டம், மேல் கணக்கு,
ஹல்துமுல்லை.
1957, மாசி மாதம்

அன்பும் மரியாதையும் மாறாத அண்ணன் இராமையா அவர்களுக்கும் மதினி பெரியாயிக்கும் தங்கை ரெங்கம்மா கும்பிட்டு எழுதுவது. நானும் உங்கள் மச்சான் மாடசாமியும் மகள் மரகதமும் முத்துமாரி புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறோம். நீங்களும் மதினியும் மருமகன் கதிர்வேலுவும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். மதினி சிரிக்காமல் படிக்கச் சொல்லுங்கள்.

இங்கே மழை விட்டு வெயில் ஏறிவிட்டது. கொழுந்து மண்டிக் கிடப்பதால் ஞாயிற்றுக்கிழமையும் பெரட்டில் பேர் பதிந்து வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மச்சானுக்கு முழங்கால் வலி. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை. நீங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நட்டுவிட்டுப் போன கொய்யா இந்த வருஷம் காய்த்தது. குரங்குக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கும் போக எனக்கு ஒரே ஒரு பழம் கிடைத்தது. நல்ல சிவப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மரகதத்தைக் கேட்டு ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வந்தார்கள். பையன் பெயர் பழனியாண்டி. தேயிலை ஸ்டோரில் மெசின் வேலை. தகப்பன் இல்லை. தாய் அங்கம்மா, ஒரு அக்காள், அவளைக் கொஸ்லந்தையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. நம்ம வகையறாதான், வேறு கூட்டம். அவர்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை வந்துவிட்டது. நாங்கள் போட்ட மனு எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியவில்லை.

இதைப் படித்ததும் உங்கள் முகம் எப்படிச் சுண்டும் என்று எனக்குத் தெரியும் அண்ணே. மரகதம் ஏணையில் கிடந்தபோதே இவள் என் கதிர்வேலுக்கு என்று சொன்னவர் நீங்கள். தலையாட்டியவள் நான். இல்லையென்று சொல்லவில்லை. அப்போது இதே லயத்தில் நீங்கள் நாலாவது காம்பராவில் இருந்தீர்கள், நாங்கள் அஞ்சாவதில். கட்டிக்கொடுத்தால் மகள் சுவருக்கு அந்தப் பக்கம் போவாள், குழம்பு கொதித்தால் கிண்ணத்தை நீட்டுவாள் என்றுதான் தலையாட்டினேன். அம்மாவுக்கு முடியவில்லை என்று நீங்கள் ஊருக்குக் கிளம்பியபோதும் ஒரு பொங்கலுக்குள் திரும்பிவிடுவீர்கள் என்றே நினைத்தேன். திரும்பி வர விசா கிடைக்காது என்று நீங்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இப்போது மரகதத்தை உங்களிடம் அனுப்பினால் அவளுக்கும் அதே கதைதான். போனவள் போனவள்தான்.

அதனால் நான் கேட்பது இது. பரிசம் போடும் அன்று வெற்றிலைத் தட்டு முதலில் தாய்மாமன் முன்னால்தான் போக வேண்டும், முறைப்பையன் இருக்கிற வீட்டில் மாமன் தட்டிலிருந்து பாக்கை எடுத்தால்தான் பெண்ணை வெளியில் கொடுக்க வழி என்று பெரிய கங்காணி சொல்லிவிட்டார். நமக்குத் தெரியாத வழக்கமா? தட்டை உங்கள் முன்னால் நீட்ட எனக்குக் கை எட்டவில்லை. வெற்றிலை கடல் தாண்டுவதற்குள் வாடிப்போகும். ஒரு கொட்டைப்பாக்கு போதும். அதை மஞ்சள் துணியில் முடிந்து புஹாரி நானாவிடம் கொடுத்துவிடுங்கள். பரிசத்தன்று சபையில் வைத்து, மாமன் சம்மதம் இதோ என்று சொல்லிவிடுவேன்.

புஹாரி நானா ஹல்துமுல்லைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறவர், உங்களுக்கும் பழக்கம். நேர்த்திக்கடனுக்கு நாகூர் போகிறார். துறையூர்ப் பக்கம் வந்து இந்தக் கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுப்பதாக ஏற்றுக்கொண்டார். அவரை ஒரு நாள் வைத்திருந்து நல்லபடியாகச் சோறு போட்டு அனுப்புங்கள். மாமன் சீர் என்று எதையும் வாங்கி அலைய வேண்டாம். அங்கே மழை பொய்த்துக் கிடப்பது எனக்குத் தெரியும்.

கதிர்வேலு மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கோபப்படாமல் இதை இரண்டு தரம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,

உங்கள் தங்கை
ரெங்கம்மா


கல்லாற்றுத் தோட்டம்,
1957, சித்திரை மாதம்

அண்ணன் அவர்களுக்குத் தங்கை ரெங்கம்மா எழுதுவது. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் பார்சல் வந்து சேர்ந்தது. எப்படி வந்து சேர்ந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். அன்று ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. பரிசத்துக்கு நாள் பார்க்க ஸ்பிரிங்வெளியிலிருந்து அங்கம்மாளும் அவர்கள் ஆட்கள் சிலரும் வந்திருந்தார்கள். நம் பக்கம் பெரிய கங்காணி இருந்தார். தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து புஹாரி நானா கையில் பார்சலோடு படி ஏறி வந்தார். இது உங்கள் அண்ணன் கொடுத்தது, மேலே சேலை இருக்கிறது என்றார்.

உங்கள் மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டாம் என்று எழுதியும் மாமன் சீர் அனுப்பியிருக்கிறார் பார் என்று சம்பந்தி வீட்டார் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மாமன் சீரைக் கடைச் சாமான் மாதிரிக் கையால் வாங்கக்கூடாது என்று நானாவை வாசலிலேயே நிற்க வைத்து, தாம்பாளம் கொண்டுவரச் சொல்லி, பக்கத்து லயத்திலிருந்து தப்புக்காரரையும் கூப்பிட்டுவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். நான்தான் ஆரத்தி எடுத்தேன். பாவம் நானா, என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டே நின்றார். தாம்பாளத்தில் வாங்கி, முத்துமாரி படத்துக்கு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்ட பிறகுதான் பிரித்தோம்.

அரக்குச் சேலை. நல்ல சேலை அண்ணே. குறை சொல்ல முடியாது. கரையைப் பார்க்கலாம் என்று அங்கம்மாள் மடிப்பை உதறினாள். மஞ்சள் துணி முடிச்சு ஒன்று விழுந்தது. இதோ எங்கள் அண்ணன் அனுப்பிய பாக்கு என்று நானே வாயால் சொல்லி, நானே சபை நடுவில் முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே பாக்கு இல்லை. மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி.

தப்பு அடித்துக்கொண்டிருந்தவரும் கையை நிறுத்திவிட்டார். நானா, சத்தியமாக உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது தங்கச்சி என்றார். நீங்கள் சொல்லி அனுப்பியது என்ன என்று பெரிய கங்காணி கேட்டார். நானா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பாக்கு எதுக்கு? அவ எங்க வீட்டுப் பொண்ணு. அப்புடின்னு சொல்லச் சொன்னாருங்க."

அங்கம்மாள் பாதி குடித்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தாள். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். "குலவ போட்டு வாங்குன தாலிய நாங்க பாக்கலன்னு சொல்ல முடியாதுங்க. மொதல்ல இத முடிச்சிட்டு ஆள் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். மலை இறங்கி அவர்கள் தலை மறைகிறவரைக்கும் நான் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அப்படி ஒரு வெட்கக்கேடு என் வாழ்நாளில் கண்டதில்லை.

பெரிய கங்காணி சொல்வது, சேலையும் தாலியும் ஒரே மடிப்பில் வந்தவை, சபை அறிய ஏற்றுக்கொண்டாயிற்று, வைத்தால் இரண்டையும் வை, திருப்பினால் இரண்டையும் திருப்பு என்று. மச்சான் இரண்டையும் தூக்கி ஆற்றில் போடு என்கிறார். தப்புக்காரரைக் கூப்பிட்டது தான்தானே என்ற கோபம் அவருக்கு. அதை உங்கள் மேல் காட்டுகிறார். மூன்று வேளையும் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். வந்த தாலியைத் திருப்பி அனுப்பினால் அண்ணன் தங்கை உறவு அன்றோடு அறுந்தது என்று லயத்துக் கிழவிகள் எல்லாரும் என்னிடம் வந்து சொல்லிவிட்டார்கள். எனக்கு மட்டும் தெரியாததைப்போல.

மரகதத்திடம் கேட்டேன். அவள் அதிகம் பேசமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். கூடைக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அம்மாயி செத்ததுக்கு நீ பதினாறு கழிஞ்ச பெறகுதானே தலைக்குத் தண்ணி ஊத்துன. ஒனக்கும் நான் அப்புடித்தான் ஊத்தணுமா?"

அண்ணே, நம் அம்மா செத்தது எனக்குக் கடிதமாகத்தான் வந்தது. நீங்கள் தாமதிக்கவில்லை, அன்றைக்கே எழுதினீர்கள். அது வந்து சேர்ந்தபோது அங்கே கருமாதி முடிந்து பந்தலையும் பிரித்திருப்பீர்கள். நான் அன்று பெரட்டுக்குப் போய்க் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, பின்னேரம் பீலிக்கரையில் தனியாக உட்கார்ந்து தலை முழுகினேன். கூட அழ ஒரு ஆள் இல்லை. இதை இதுவரை உங்களுக்கு எழுதியதில்லை, உங்கள் மனம் நோகும் என்று. இப்போது எழுதுகிறேன். என் மகள் அப்படி உட்காரக்கூடாது.

நீங்கள் முரட்டுத்தனமாகச் செய்யவில்லை, ஆசையில்தான் செய்தீர்கள். அது தெரியாமல் இல்லை. இங்கே விட்டுப்போனதில் ஒன்றையாவது அங்கே கூப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நானும் அதைத்தான் நினைக்கிறேன், என் பக்கத்திலிருந்து. ஒரு பிள்ளைதான் இருக்கிறது அண்ணே.

தாலியை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். ஒரு பாக்கு அனுப்புங்கள். கொண்டுவர ஆள் கிடைக்காவிட்டால் தபால் உறையிலேயே போடுங்கள், உடைந்து வந்தாலும் பரவாயில்லை. வழி பார்த்திருக்கும்,

ரெங்கம்மா


கல்லாற்றுத் தோட்டம்,
1957, ஆவணி மாதம்

கும்பிடத்தக்க அண்ணன் அவர்களுக்கும் மதினிக்கும் தங்கை ரெங்கம்மா எழுதிக்கொள்வது. உங்கள் பதில் வரவில்லை. தபாற்காரர் மேல் குறை சொல்லிப் பார்த்தேன். அவரும் எத்தனை நாள்தான் என் பேச்சைச் சுமப்பார். நீங்கள் எழுதவில்லை என்று பிறகு நானே ஒத்துக்கொண்டேன்.

மரகதத்தின் கல்யாணம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்து முடிந்தது. வேறு வாயால் கேட்டு நீங்கள் சங்கடப்படக்கூடாது என்று, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆனி மாதம் நான் ஒருத்தியாகப் பதுளைக்கு பஸ் ஏறி ஸ்பிரிங்வெளிக்குப் போனேன். தாலியை முந்தானையில் முடிந்து எடுத்துப் போனேன். ஏன் எடுத்துப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. பானைக்குள் விட்டுப்போக பயமாக இருந்தது. அங்கம்மாள் தேத்தண்ணீர் கொடுத்தாள், பேசி முடிக்காமல் குடிப்பதில்லை என்று கீழே வைத்தேன். பழைய பேச்சை எல்லாம் சொன்னேன். உங்களைப் பற்றி ஒரு குறைச்சொல் சொல்லவில்லை. அம்மா செத்ததைச் சொன்னேன். அழவும் செய்தேன், மறைக்க ஒன்றுமில்லை. முடிச்சை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்து இரண்டை வளர்த்தவள், தாலி அறுத்தவள். அதைத் தொட்டதற்கே கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தப்பில்லை என்று சொன்னேன். பிறகு அவள்தான் வழி சொன்னாள்.

"இத திருப்பி அனுப்பாதீங்க. முத்துமாரி ஆத்தா கழுத்துல ஏத்துங்க. ஏறி எறங்குன பெறகு அது மாமன் குடுத்த தாலி இல்ல, ஆத்தா குடுத்த தாலி. அத யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்."

தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது, அதையே குடித்தேன். அன்றைக்கு அவள் எழுந்து போனதற்கு மனதுக்குள் திட்டியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஆடி வெள்ளியன்று பூசாரி உங்கள் தாலியை முத்துமாரிக்குச் சாத்தினார். கூழ் ஊற்றினோம். அடுத்த நாள் காலையில் இறக்கி, எலுமிச்சம்பழமும் குங்குமமும் சேர்த்து என் மடியில் போட்டார். பெரிய கங்காணியும் வந்து பார்த்துவிட்டு, இனிச் சேலை மட்டும்தான் மாமன் சீர், தாலி பேச்சு இல்லை என்றார். அவருக்கும் எப்படியாவது முடிந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

மேற்கேயிருந்து கச்சான் காற்று ஆரம்பித்துக் கொழுந்து குறைந்துவிட்டதால் துரை லீவு கொடுக்கத் தகராறு பண்ணவில்லை. லயத்து வாசலில் பந்தல். பந்தக்காலுக்கு ஆலங்கொம்பு வெட்ட ஆற்றோரம் போனவர்கள் நனைந்து வந்தார்கள். காற்றில் பந்தல் இரண்டு தரம் சாய்ந்தது, மூன்றாம் தரம் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி முட்டுக்கொடுத்தோம். வாழைமரம் புஹாரி நானா வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்தது. அவர் மனைவி ஸகீனா நலுங்குக்கு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனாள். நானா அந்தப் பார்சல் விஷயத்துக்கு இன்னும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் செய்ததற்கு அவர் வருந்துகிறார், பாருங்கள்.

சனிக்கிழமை பின்னேரம் பரிசம். தட்டு வந்தது. மாமன் எங்கே என்று சபையில் கேட்டார்கள். வழக்கத்துக்குக் கேட்டாக வேண்டும். மச்சானுடைய பங்காளி ஒருவர், நான் மாமன் முறைக்கு எடுத்துவிடுகிறேன் என்று கையை நீட்டினார். நான் தட்டை இழுத்துக்கொண்டேன். மாமன் இருக்கும்போது மாற்று மாமன் எதற்கு? தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து எல்லாரும் பார்க்க மஞ்சள் துணியில் முடிந்தேன். இது எங்கள் அண்ணன் பங்கு, அனுப்பி வைக்கிறேன், அவர் எடுத்துக்கொள்கிறார், இல்லை வைத்துக்கொள்கிறார், அது எங்களுக்குள் என்றேன். கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, பதிலுக்காகப் பெண்ணைக் கிழவியாக்க முடியாது, தட்டை அடுத்த ஆளுக்குக் கொடு என்றார்.

முகூர்த்தம் காலையில். உங்கள் சேலைதான் மணவறைக்குக் கட்டினாள். மாமன் மாலையும் நெற்றிப் பட்டமும் யார் போடுவது என்று அங்கேயும் ஒரு பேச்சு வந்தது. பெண்ணைப் பெற்றவள் மணவறையில் ஏறி அதைச் செய்யும் வழக்கம் இல்லை என்றார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அதுவரைக்கும் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"நானும் அவரும் ஒரே வயித்துல பொறந்தவங்க. எந்தக் கை போட்டா என்ன?" என்று சொல்லிவிட்டு நானே ஏறிப் பட்டத்தைக் கட்டினேன். மாலையைப் போட்டேன். முடிச்சு சரியாக விழாமல் பட்டம் சாய்ந்துவிட்டது. மரகதம் மெதுவாக, பரவாயில்ல, சாஞ்சாலும் மாமா பட்டந்தான் என்றாள். அதைக் கேட்டதும் இறங்கி அடுப்படிக்குப் போய்விட்டேன். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தாலியைக் கட்டியதை அடுப்படி வாசலிலிருந்துதான் பார்த்தேன்.

மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டார். கொஸ்லந்தைக்காரி, நாத்தனார், மற்ற இரண்டையும் போட்டாள், நல்ல இறுக்கம். அய்யர் பதுளையிலிருந்து வருகிறேன் என்று சொல்லி வரவில்லை, பண்டாரம்தான் எல்லாம் செய்தார். அம்மி பக்கத்துக் காம்பராவில் இரவல். மெட்டி போட்டபிறகு அருந்ததி காட்ட வெளியே கூட்டிவந்தால் காற்று மேகத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையே தெரியவில்லை. பண்டாரம் மேகத்தைக் காட்டி அதோ அருந்ததி என்றார். தெரிகிறதா என்று கேட்டதற்கு மரகதம் தெரியுது என்றாள். கல்யாணமான அன்றே பொய் சொல்லப் பழகிவிட்டாள், பிழைத்துக்கொள்வாள்.

மறுநாள் ஹல்துமுல்லையில் பதிவும் செய்தோம். தாலி மட்டும் போதாது, கையெழுத்தும் வேண்டும், நாளைக்குப் பிள்ளைகள் எந்த ஊர் என்று யாரும் கேட்கக்கூடாது என்று அங்கம்மாள் பிடிவாதமாக நின்றாள். மரகதம் தன் பெயரை எழுதினாள், என்னைவிட நேராக. மறுவீட்டுக்கு வந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பிப் போனார்கள். பதுளையில் ஒரு பஸ் மாறினால் போதும். ஊறுகாய் கொடுத்துவிட்டேன். சாடியை அடுத்த மாதம் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் அண்ணே. உங்களிடம் பொய் எழுதமாட்டேன். மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்று நிம்மதியாகச் சோறு இறங்குகிறது. உங்களை வருத்திவிட்டுத்தான் இந்தச் சோறு என்பதும் கூடவே இறங்குகிறது.

புஹாரி நானாவின் மச்சான் மொஹிதீன் இந்த வாரம் கப்பல் ஏறுகிறார். அவரிடம் இரண்டு முடிச்சு கொடுத்திருக்கிறேன். சிவப்புத் துணியில் இருப்பது தாலி. நான் திருப்பி அனுப்புவதாக நினைக்க வேண்டாம். முத்துமாரி கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. கதிர்வேலுக்கு நல்ல பெண்ணாகப் பாருங்கள், அவளுக்கு அது போகட்டும். அவன் கல்யாணத்தில் மணவறை விளக்கைப் பிடிக்க வேண்டியவள் அத்தை நான். எனக்கும் விசா யார் தரப்போகிறார்கள்? மதினியே விளக்கைப் பிடிக்கட்டும். ஏற்றும்போது மட்டும் ரெங்கம்மா விளக்கு என்று வாய்விட்டு ஒரு தரம் சொல்லச் சொல்லுங்கள். என் மருமகனும் வரப்போகிற பெண்ணும் பிள்ளைகுட்டிகளோடு நிறைந்து வாழட்டும்.

மஞ்சள் துணியில் இருப்பது பாக்கு. அது உங்களுக்கு. உங்கள் கைக்கு வரும்போது காய்ந்து கல்லாகியிருக்கும். உங்கள் பல் இப்போது எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. கடிக்க முடியாவிட்டால் மதினியை இடித்துத் தரச் சொல்லி, கொஞ்சம் வெற்றிலையோடு வாயில் போட்டுக்கொள்ளுங்கள். மனம் வரவில்லை என்றால் பெட்டியில் ஒரு மூலையில் கிடக்கட்டும், நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

திருப்பி மட்டும் அனுப்பிவிடாதீர்கள் அண்ணே.

உங்கள் கூடப்பிறந்தவள்
ரெங்கம்மா